திருடன் தமிழில் பேசினான்

கொட்டாஞ்சேனையில் எனக்கு ஓர் அக்கா இருக்கிறார். பெரியம்மாவின் மகள். வயது எழுபத்தாறு. ஜெம்பட்டா வீதிக்கு அண்மையில் ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் தனியாக வாழ்கிறார். தமிழ் நன்றாக வாசிப்பார். காலையில் பத்திரிகையை முதற்பக்கம் தொடக்கம் மரண அறிவித்தல் வரை படித்து முடித்துவிட்டு, அதிலுள்ள எழுத்துப் பிழைகளை எனக்குத் தொலைபேசியில் அறிவிப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். நான் பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அந்தப் பிழைகளுக்கு நானே பொறுப்பு என்பது அவர் எண்ணம். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார். பொருள் பிடிபடாது.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் அவருக்குப் புதிய கைத்தொலைபேசி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். பெரிய திரை, மூன்று கமரா, நாள் முழுதும் தாங்கும் பற்றரி. பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக் கதைக்கலாம், பழைய பாட்டுக் கேட்கலாம், வங்கிக்கு நடக்காமல் வீட்டிலிருந்தே காசு அனுப்பலாம் என்று சொல்லிக் கொடுத்தான். முதல் இரண்டையும் அக்கா இரண்டே நாளில் பழகிவிட்டார். மூன்றாவதைத் தொடவே இல்லை. தொட்டது வேறொருவன்.

நடந்ததை அக்காவின் வாய்மொழியிலேயே தருகிறேன். "தம்பி, வலு மரியாதையாக் கதைச்சவன். அம்மா, நாங்கள் வங்கியில இருந்து கதைக்கிறம், உங்கட கணக்கைப் புதுப்பிக்க வேணும் எண்டான். அடையாள அட்டை நம்பரைக் கேட்டான், குடுத்தன். பிறகு, இப்ப உங்கட போனுக்கு ஆறு இலக்கம் ஒண்டு வரும், அதை வாசியுங்கோ அம்மா எண்டான். வந்தது. வாசிச்சன்."

இலக்கங்களுக்கு மொழி இல்லை. ஆறு இலக்கங்களை அக்காவால் வாசிக்க முடிந்தது. அவற்றின் கீழே, இதனை எவருக்கும் சொல்லக் கூடாது என்று ஆங்கிலத்தில் இருந்த வரியை வாசிக்க முடியவில்லை. அன்று மாலைக்குள் அவருடைய கணக்கிலிருந்து ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா போய்விட்டது. மகன் அனுப்பியதிலும் ஓய்வூதியத்திலும் மிச்சம் பிடித்து, தன் செத்தவீட்டுச் செலவுக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்த காசு அது.

மறுநாள் நான் அவரை வங்கிக்கு அழைத்துச் சென்றேன். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை. எம்மை இருத்திக் கதைத்த அலுவலர் ஒரு தமிழ் இளைஞர். நல்ல பிள்ளை. உண்மையாகவே வருந்தினார். ஆனால் ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "எங்கட குறுஞ்செய்தியிலேயே தெளிவாக எச்சரித்திருக்கிறம், ஐயா." எந்த மொழியில் எச்சரித்தீர்கள் என்று கேட்டேன். அவர் கணினித் திரையைப் பார்த்தார். "சிஸ்டம் அப்படித்தான், ஐயா."

திருடன் தமிழில் பேசினான். வங்கி ஆங்கிலத்தில் எச்சரித்தது. யாருடைய குரல் அக்காவுக்கு எட்டியிருக்கும்?

ஏமாந்தது அக்காவின் தவறு என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். உறவினருள்ளேயே இருக்கிறார்கள். நான் அவர்களுடன் வாதிட விரும்பவில்லை. திருடனுக்குத் தன் வாடிக்கையாளரின் மொழி எதுவென்று தெரிந்திருந்தது. அவளுடைய காசைப் பதினெட்டு ஆண்டுகளாக வைத்திருந்த நிறுவனத்துக்கு அது தெரிந்திருக்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் அவர்கள் எனக்கு விளக்கட்டும். எமது ரூபாத் தாளில் மூன்று மொழிகள் இருக்கின்றன. அந்தத் தாள் கணக்கிலிருந்து வெளியேறுவதை அறிவிக்கும் செய்தியில் ஒரு மொழிதான் இருக்கிறது.

வீடு திரும்பியபின் அக்காவின் கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். பட்டியல், அறிவித்தல், எச்சரிக்கை எல்லாம் ஆங்கிலம். கடையில் திறந்து கொடுத்தபடியே இருந்தது. மொழியைத் தமிழாக மாற்ற எனக்கு ஒரு நிமிடத்துக்குக் குறைவாகவே எடுத்தது. திரையில் தமிழ் வந்ததும் அக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "இதுக்குள்ள தமிழ் இருந்ததா?"

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அடுத்த வாரம் வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகிலும், சவோய் திரையரங்கில் தொடங்கித் தெகிவளைப் பாலம் வரை, ஆறு கடைகள் ஏறி இறங்கினேன். வயதான ஒரு பெண்மணிக்குக் கைத்தொலைபேசி வேண்டும் என்று கேட்டேன். ஆறு கடைகளிலும் பேசியவர்கள் தமிழர்கள் அல்லது தமிழ் நன்கு தெரிந்த முஸ்லிம் இளைஞர்கள். கமராவின் மெகாபிக்சல் சொன்னார்கள். எத்தனை ஆயிரம் பாட்டுக் கொள்ளும் என்று சொன்னார்கள். காதில் செருகும் கம்பியில்லாக் கருவியை இலவசமாகத் தருவதாக ஒருவர் சொன்னார். தவணை முறை சொன்னார்கள். அது தமிழில் வேலை செய்யும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானாகக் கேட்டபோது ஒரு பையன் சிரித்தான். "இருக்கு அங்கிள், ஆனா ஒருத்தரும் கேக்கிறேல்ல."

ஒருத்தரும் கேட்பதில்லை. இக்கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

கேளாமல் இருந்தோர் வரிசையில் முதலில் நிற்பவன் நான். அதை ஒப்புக்கொண்டுவிட்டே மற்றவரைக் குறைகூற எனக்கு உரிமை உண்டு. இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டில் வார வெளியீட்டுக்குப் புதிய கைத்தொலைபேசிகளையும் பாட்டுப் பெட்டிகளையும் அறிமுகம் செய்யும் குறிப்புகளை எழுதியவன் நான். நிறுவனங்கள் ஆங்கிலத்தில் அனுப்பும் அறிக்கையைத் தமிழாக்கி, நிறை இத்தனை கிராம், நினைவகம் இத்தனை மெகாபைட், வர்ணங்கள் இத்தனை என்று நிரப்புவேன். தமிழில் வாசிப்போருக்காகத் தமிழில் எழுதிய அக்குறிப்புகளில், இக்கருவியில் தமிழ் வாசிக்க முடியுமா என்ற ஒரு வரியை நான் எழுதியதாக நினைவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் வெட்கத்துக்குரிய உண்மை.

ஏன் தோன்றவில்லை என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். இக்கருவிகள் எம் காதைத் தமிழால் நிறைத்துவிட்டன. சொனி நிறுவனம் வோக்மனை 1979இல் வெளியிட்டது. எண்பதுகளில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்களின் கையோடு அது எம் வீடுகளுக்கு வந்தது. எந்த மொழியில் செய்த பெட்டியாக இருந்தால் என்ன, கசற் தமிழ்க் கசற். பெட்டி தமிழில் பாடியது. பின்னர் ஒரே இறுவட்டில் நூற்றைம்பது பாட்டு என்று வெள்ளவத்தைக் கடைகளில் எம்.பி.3 விற்றார்கள். அப்பிளின் ஐபொட் 2001இல் வந்தது. வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த ஐபொட்டை வைத்திருந்த இளைஞன் அந்நாளில் ஒழுங்கையின் இளவரசன். அந்த ஐபொட்டையும் 2022 மே மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். கைத்தொலைபேசியே பாட்டுப் பெட்டியையும் வானொலியையும் கமராவையும் விழுங்கிவிட்டது.

பாடலின் பெயர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் யாருக்கு என்ன? பாட்டுக் கேட்கிறதே! காதுக்குத் தமிழ் கிடைத்தமையால் கண்ணுக்கு அது மறுக்கப்பட்டதை நாம் கவனிக்கவில்லை. நிறுவனங்களும் அதை நன்கு அறிந்திருந்தன. அழைப்பவர் கேட்கும் பாட்டைத் தமிழ்த் திரைப்படத்திலிருந்து தெரிந்து மாதக் கட்டணத்துக்கு விற்க அவர்களால் முடிந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கழிவு விலை அறிவித்தலைத் தமிழில் அனுப்ப முடிந்தது. எம்மிடமிருந்து காசு வாங்கும்போது வரும் தமிழ், எம் காசைக் காக்கவேண்டிய இடத்தில் மட்டும் வரமறுக்கிறது.

இந்த நாட்டுக்குக் கைத்தொலைபேசி பிந்தி வந்த பொருளன்று. தென்னாசியாவின் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989இல் கொழும்பில்தான், செல்டெல் என்ற பெயரில் தொடங்கியது. மொபிடெல் 1993இலும் டயலொக் 1995இலும் வந்தன. தொடக்கத்தில் அது செங்கல் அளவுப் பெட்டி. முதலாளிமார் கையில் மட்டும் இருந்தது. பத்திரிகைக் காரியாலயத்தில் ஆசிரியருக்கு ஒன்று. நாங்கள் பணிவுடன் தொட்டுப் பார்ப்போம். வரும் அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்த காலத்தில், எடுக்காமல் விடுவதற்கென்றே ஒரு மணி அடிப்பதை எம் மக்கள் ஒரு மொழியாகவே வளர்த்தார்கள். ஒரு மணி என்றால் வந்து சேர்ந்தேன். இரண்டு என்றால் நீ எடு.

அக்காலத்தில் என் கைக்கு வந்த எந்தக் கருவியிலும் தமிழ் இல்லை. கருவியில் தமிழ் எழுத முடியாது என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதப் பழகினோம். அது தற்காலிக ஏற்பாடு என்றே எண்ணினோம். தற்காலிகக் கொட்டிலில் மூன்று தலைமுறை வாழ்ந்துவிடுவது எமக்குப் புதிதன்று.

முடியாது என்று சொல்லப்பட்டது எப்போதும் முடியாததாக இருக்கவில்லை. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட யுனிகோடில் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்தார்கள். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005ஆம் ஆண்டுப் பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. கைத்தொலைபேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி எழுதி அனுப்பலாம் என்று அது காட்டியது. எமது நாட்டிலும் தமிழ் எழுத்துக்குறிகளுக்கும் விசைப்பலகைக்கும் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரநிலையை வகுத்தார்கள். தரநிலை தாளில் இருந்தது. கடைகளில் அதைப் பற்றி எவரும் கேட்கவில்லை. தமிழ்ப் பத்திரிகைக்காரராகிய நாங்களோ பாமினி எழுத்துருவை விட்டு வெளியே வர மனமின்றி இருந்தோம். பாமினியில் எழுதிய கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். வழிகாட்ட வேண்டியவர்களே வழியில் குந்தியிருந்தோம்.

கேளாமைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இளைய வாசகர்களுக்கு நான் பொய் சொன்னவனாவேன். அந்தக் காரணம் பயம்.

ஏ-9 பாதை 2006 ஓகஸ்டில் மூடப்பட்டதன் பின்னர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தோர், வைத்தியத்துக்கு வந்தோர், ஊரில் இருக்க அஞ்சி வந்தோர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மலிவான கைத்தொலைபேசி. வெளிநாட்டிலிருக்கும் அண்ணனின் அழைப்பு அதில்தான் வரவேண்டும். 2007 ஜூன் 7 அதிகாலையில் பொலிஸார் அந்த விடுதிகளுக்குள் நுழைந்து 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறிடங்களுக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்மேல் மறுநாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அன்று காலை என் கைத்தொலைபேசி ஓயாமல் அடித்தது. அறைகளுக்குள்ளிருந்து மெல்லிய குரலில் பேசினார்கள். நான் குறிப்பெடுத்தேன்.

அந்த ஆண்டுகளில் சோதனைச் சாவடியில் கைத்தொலைபேசியை வாங்கிப் பார்ப்பார்கள். உள்ளே என்ன பெயர், என்ன செய்தி, என்ன பாட்டு? காலி வீதியில் இறங்குமுன் செய்திகளை அழித்துவிட்டு இறங்கிய பிள்ளைகளை நான் அறிவேன். பாட்டுப் பெட்டியிலிருந்து பாட்டுகளை நீக்கிய தாய்மாரை அறிவேன். அப்படியான காலத்தில் எனக்குத் தமிழிலே ஒரு தொலைபேசி தாருங்கள் என்று கடையில் நின்று எவன் கேட்பான்? கருவி ஆங்கிலத்தில் இருப்பதே பாதுகாப்பு என்று எண்ணினோம். அந்த எண்ணத்தில் நியாயம் இருந்தது. அதை நான் இகழ மாட்டேன்.

ஆனால் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. பயத்தின் காரணம் குறைந்த பின்னும் பயத்தின் பழக்கம் எம்மை விடவில்லை. அன்று பாதுகாப்புக்காக விட்டுக்கொடுத்ததை இன்று நாகரிகம் என்று பெயரிட்டு விட்டுக்கொடுக்கிறோம். தொலைபேசியைத் தமிழுக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டால், "ஐயோ, அது ஒருமாதிரி இருக்கும், அங்கிள்" என்கிறார்கள் வெள்ளவத்தைப் பிள்ளைகள். தாய்மொழி ஒருமாதிரி இருக்கிறதாம்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். மூன்று வாதங்கள் வழக்கமாக வரும்.

முதலாவது, தமிழில் அனுப்பினால் செலவு கூடும் என்பது. இதிலே பாதி உண்மை உண்டு. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்தானால் அதில் 160 எழுத்து அடங்கும். யுனிகோட் தமிழானால் 70 இடந்தான். அந்த எழுபதிலும் புள்ளிக்கு ஓர் இடம், கொம்புக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம். கொட்டாஞ்சேனை என்பது எமக்கு ஆறு எழுத்து. கருவியின் கணக்கில் பன்னிரண்டு. வெள்ளவத்தை எமக்கு ஆறு, கருவிக்குப் பத்து. எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்தியின் கட்டணம். தமிழில் எழுதுவோர் மேல் விதிக்கப்பட்ட எழுத்துவரி என்றே இதைச் சொல்லலாம்.

உண்மையின் மறுபாதியையும் பார்ப்போம். அக்காவுக்கு வந்திருக்க வேண்டிய செய்தியை நானே எழுதி, புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணிப் பார்த்தேன்.

"இரகசிய இலக்கம்: 482915 இந்த இலக்கத்தை எவருக்கும் சொல்ல வேண்டாம்."

இடைவெளிகளும் சேர்த்து 64 இடம். எழுபதுக்குள் அடங்கி ஆறு இடம் மிச்சம். வங்கியின் பெயர் அனுப்புநரின் பெயராக மேலேயே வந்துவிடும். ஒரு சதமும் மேலதிகச் செலவில்லை. எழுத எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. நாடெங்கும் கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு இந்த ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை என்றால், அந்தக் குறை பணத்தினால் வந்ததன்று. மனத்தினால் வந்தது.

அந்த எழுத்துவரியும் தெய்வ கட்டளை அன்று. துருக்கியர் தம் மொழியின் எழுத்துகளுக்கு இடம் கேட்டார்கள். 2008ஐ ஒட்டி உலகக் கைத்தொலைபேசித் தரநிலையில் துருக்கிய மொழிக்குத் தனி அட்டவணை சேர்ந்தது. அதன் அடுத்த பதிப்பில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கும் அட்டவணைகள் வந்தன. அதைப் பயன்படுத்தினால் தமிழும் ஒரு செய்தியில் எழுபதுக்கு இருமடங்காக அடங்கும். அது நடைமுறையில் பரவாமலே போயிற்று. துருக்கியர் கேட்டார்கள். எம்மில் யார் கேட்டோம்?

இரண்டாவது வாதம், இப்போது எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும் என்பது. இதைச் சொல்பவர்கள் வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக இருக்கும் தொடர்மாடிகளிலிருந்து சொல்கிறார்கள். அவர்கள் ஒருமுறை கொட்டாஞ்சேனைச் சந்தைக்கு வரட்டும். மீன் விற்கும் பெண்மணி, துறைமுகத்தில் கூலி வேலை செய்பவர், மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்த பிள்ளை, எல்லோர் கையிலும் தொடுதிரை இருக்கிறது. எல்லோருக்கும் வங்கிக் கணக்கு இருக்கிறது. ஆங்கிலம் எத்தனை பேருக்கு இருக்கிறது? இது எமக்கு மட்டும் உரிய துயரமும் அன்று. மாத்தறையில் ஒரு சிங்கள அம்மையாருக்கும் அதே ஆங்கிலச் செய்திதான் போகிறது. அவரை ஏமாற்றும் திருடன் சிங்களத்தில் பேசுவான். இதை இனப் பிரச்சினையாக்காதீர்கள் என்று எனக்குப் புத்தி சொல்ல வருபவர்கள் இந்த வரியை இரண்டு தடவை வாசிக்கட்டும்.

மூன்றாவது, "சிஸ்டம் அப்படி." இது வாதமே அன்று. சிஸ்டம் என்பது யாரோ ஒரு மனிதர் ஒரு மேசையில் இருந்து எடுத்த முடிவு. இந்தியாவில் 2016இல் ஐ.எஸ். 16333 என்ற தரநிலையைக் கட்டாயமாக்க ஆணையிட்டார்கள். அங்கே விற்கும் கைத்தொலைபேசி 22 மொழிகளையும் வாசிக்கத்தக்கதாகக் காட்ட வேண்டும், ஆங்கிலமும் இந்தியும் போக இன்னுமோர் இந்திய மொழியிலாவது எழுத இடந்தர வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு தாளில் மை பட்டதும் உலக நிறுவனங்களின் சிஸ்டம் எல்லாம் வளைந்துகொடுத்தது. இங்கே தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் சொல்கிறது. கொழும்பில் இருக்கும் தமிழரும் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளலாம், பதில் பெறலாம் என்று 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் சொல்கிறது. அரசியலமைப்பில் இருக்கும் தமிழ் கைத்தொலைபேசிக்கு வந்துசேர இன்னும் பஸ் கிடைக்கவில்லை.

இது காசோடு முடியும் விடயமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த செய்தி வந்தபோது என் முதல் நினைவு அக்காவின் மேல். சைவக்காரியானாலும் அந்தோனியாரிடம் போகாமல் இருக்க மாட்டார். கொட்டாஞ்சேனையில் அது யாவருக்கும் பொதுவான கோவில். அழைத்தேன், எடுபடவில்லை. அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. மிச்சம் இருந்தது பழைய குறுஞ்செய்திதான். "அக்கா, எங்கே? பதில் தாருங்கள்" என்று தமிழில் அனுப்பினேன். அவரிடம் அன்று இருந்தது பொத்தான் தொலைபேசி. அதன் திரையில் என் செய்தி வெறும் கட்டங்களாகப் போய் இறங்கியிருக்கிறது. மாலையில் அவரை நேரில் கண்ட பின்னரே அது எனக்குத் தெரியவந்தது. "என்னவோ பெட்டி பெட்டியா வந்தது தம்பி, பழுதாப் போச்செண்டு நினைச்சன்" என்றார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைப் புரட்டிப் போட்டது. அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலையகத்தில் மண்சரிவு வீடுகளையே விழுங்கியது. அபாய அறிவித்தல்கள் தமிழில் உரிய வேளைக்கு வரவில்லை என்ற குறை அப்போதும் எழுந்தது. வெள்ளம் மொழி பார்த்து வருவதில்லை. எச்சரிக்கை மட்டும் மொழி பார்த்து வருவதா?

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கருவியின் பக்கத்தில் இருந்த தடை அநேகமாக நீங்கிவிட்டது. நான் ஏறி இறங்கிய ஆறு கடைகளிலும் எனக்குக் காட்டிய எல்லாத் தொடுதிரைக் கருவிகளிலும் தமிழ் இருந்தது, வாசிக்கவும் எழுதவும். பேசினால் எழுதித் தருகிறது. எழுதினால் வாசித்துக் காட்டுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நாம் கனவிலும் காணாதது. ஆகவே இனிமேல் கருவியைக் குற்றம் சொல்ல முடியாது. மிஞ்சியிருப்பவர்கள் இரண்டு கூட்டத்தார். தமிழில் அனுப்ப மனமில்லாத நிறுவனங்கள் ஒன்று. தமிழில் தா என்று கேட்க வாயில்லாத நாம் மற்றது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது எம் முன்னோர் சொல். நாமோ அழுவதையும் ஆங்கிலத்தில் அழப் பழகிவிட்டோம்.

2022இல் ரூபா வீழ்ந்தபின் ஒரு கைத்தொலைபேசி வாங்குவது ஒரு குடும்பத்துக்குப் பல மாதச் சேமிப்பு. அத்தனை காசைக் கொட்டி வாங்கும்போது கமரா எத்தனை, பாட்டு எத்தனை என்று ஆயிரம் கேள்வி கேட்கிறோம். அவற்றோடு இன்னும் ஒன்றைக் கேட்கலாகாதா? அம்மாவுக்கு, அம்மம்மாவுக்கு, அப்பப்பாவுக்கு வாங்குகிறீர்களா, கடையை விட்டு இறங்குமுன் அதைத் தமிழுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. பிறகு அவர்களைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். இவருக்கு வரும் செய்திகள் தமிழில் வரவேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள். முடியாது என்றால் முடியாது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற பாடங்களுள் பழையது இது. வாயால் மறுப்பவர்கள், எழுதித் தா என்றதும் யோசிப்பார்கள்.

நான் அக்காவுக்காக அப்படி ஒரு கடிதம் எழுதினேன். தமிழில்தான் எழுதினேன். மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. எமது கோரிக்கையைக் கவனத்தில் எடுத்திருப்பதாகவும், வாடிக்கையாளரின் பாதுகாப்பே தமது முதன்மை நோக்கம் என்றும் நல்ல தாளில் அச்சிட்டிருந்தார்கள்.

பதில் ஆங்கிலத்தில் இருந்தது. அக்காவுக்கு நான்தான் வாசித்துச் சொன்னேன். அடுத்த கடிதத்தை இன்று காலை தபாலிற் சேர்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.